கூற்று யாருடையது? ஒரு கல்யாணப் பத்திரத்தை வாசித்தல்

பள்ளத்தூரில் ஒரு நகரத்தார் கல்யாணம் இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. முதலில் கல்யாண வீட்டில், இசைகுடிமானமாக. பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில், திருமணப் பதிவுச் சான்றாக. முதலாவதை மானிடவியலாளர்கள் தேடிவந்து படித்திருக்கிறார்கள். இரண்டாவதை பாஸ்போர்ட் அலுவலகமும் வங்கியும் தவிர யாரும் படிப்பதில்லை. இரண்டையும் அருகருகே வைத்து, ஒரு பாட்டை வாசிப்பதுபோல வாசிக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. சங்கப் பாடல் நடத்தும்போது மாணவிகளிடம் நாம் முதலில் கேட்பது கூற்று யாருடையது என்பதைத்தான். தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா? இந்தப் பத்திரங்களில் கூற்று யாருடையது?

இசைகுடிமானம் பற்றி வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். கல்யாணத்தன்று எழுதப்படும் ஒப்பந்தம் அது. முன்பு ஓலை, இப்போது தாள். 'இசைவு பிடிமானம்' என்பதே மருவி அப்படி ஆனது என்று ஊரில் விளக்கம் சொல்வார்கள். தமிழ் ஆண்டு, மாதம், தேதி இருக்கும். இரு வீட்டாரின் ஊர் இருக்கும். ஒன்பது நகரக் கோயில்களில் யார் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்பது இருக்கும்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. பிறகு இன்னாருடைய குமாரருக்கு இன்னாருடைய குமாரத்தியைக் கல்யாணம் செய்துகொடுக்கும் செய்தி, சீதனம், முறைகள். கீழே கையெழுத்து. நான் பார்த்த படிகள் எல்லாவற்றிலும் கையெழுத்துகள் இரண்டு தகப்பனார்களுடையவை, அல்லது அவர்களுடைய இடத்தில் நின்ற ஆண்களுடையவை.

ஆகவே இது தந்தை கூற்று. அகப்பாடல் படித்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். தொல்காப்பியச் செய்யுளியல், யார் யாருக்கு அகப்பாட்டில் நேர்க்கூற்று உண்டு, யாருக்கு இல்லை என்று ஒரு பட்டியல் தருகிறது. தலைவி பேசலாம், தோழி பேசலாம், பார்ப்பானும் பாணனும் கூடப் பேசலாம். தந்தைக்கும் தமையனுக்கும் நேர்க்கூற்று இல்லை. அவர்கள் சொன்னதாகப் பிறர் சொல்லலாம், அவ்வளவுதான். பாட்டில் வாய் மூடப்பட்ட தந்தை பத்திரத்தில் முழுக் குரலெடுத்துப் பேசுகிறார். பாட்டில் ஓயாமல் பேசிய தலைவி பத்திரத்தில் 'குமாரத்தி' என்ற ஒரு சொல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாள். சங்கப் பெண்ணின் குரலைப் பற்றிப் பெருமை பேசும் நம் கருத்தரங்குகளில் இந்த இடமாற்றத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

'கரணம்' என்ற சொல்லையும் பார்க்கவேண்டும். கற்பியல் சொல்லும் கரணம் திருமணச் சடங்கு. கொடுக்க உரியவர்கள் கொடுக்க, கொள்ள உரியவன் கொள்வது கற்பு என்று அந்த இயல் தொடங்குகிறது. பொய்யும் வழுவும் தோன்றிய பிறகு பெரியோர் கரணத்தை வகுத்தார்கள் என்றும் அதுவே சொல்கிறது. ஏமாற்றுகிறவர்கள் வந்ததால் சடங்கு வந்தது. இதே சொல்லுக்குப் பத்திரம், ஆவணம் என்ற பொருளும் பின்னால் ஏறியது. ஊர்க் கணக்கரைக் கர்ணம் என்றோம். சடங்குக்கும் பத்திரத்துக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலாகவே இருக்கட்டும். இரண்டுக்கும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: யாருடைய பொய்யிலிருந்து யாரைக் காப்பாற்றுகிறது?

பெரியபுராணத்தில் ஒரு கல்யாணம் ஓலையால் நின்றுபோகிறது. புத்தூரில் சடங்கவி சிவாச்சாரியார் மகளுக்கும் சுந்தரருக்கும் மணம் நடக்கவிருக்கும் நேரத்தில் முதியவர் ஒருவர் அடிமை ஓலையோடு வந்து, இவன் என் ஆள் என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. பாட்டனாரின் கையெழுத்தை வேறொரு எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஓலை செல்லும் என்று தீர்ப்பாகிறது. பக்தர்களுக்கு இது தடுத்தாட்கொண்ட அருள். எனக்கு ஒவ்வொரு வருடமும் இந்தப் பகுதியை நடத்தும்போது அந்த மணப்பெண் உறுத்துகிறாள். அவளுக்குக் காப்பியத்தில் பெயர்கூடக் கிடையாது. மணமகனின் பாட்டன் கையெழுத்தைத் தேடி எடுக்க ஆவணக் காப்பு இருந்தது. அவளுக்கு ஏற்பட்ட இழப்பைச் சொல்ல ஓர் ஓலைநறுக்கும் இல்லை. அவனையே நினைந்து சிவலோகம் அடைந்தாள் என்று சேக்கிழார் அவள் கணக்கை முடித்துவிடுகிறார்.

இவ்வளவு சொன்ன பிறகு இசைகுடிமானத்தின் பக்கத்திலும் நியாயம் பேசவேண்டும். அதோடு சேர்ந்து வரும் முறைச்சிட்டையும் சாமான் பட்டியலும் அசாத்தியமான எழுத்துகள். எவர்சில்வர் எத்தனை, பித்தளை எத்தனை, வெள்ளி எத்தனை, வைரத்தோடு, கழுத்துரு, இன்ன பண்டிகைக்கு இன்ன தொகை, பிள்ளை பிறந்தால் இன்னது என்று வருடக்கணக்காக நீளும் கடமைகளை எழுத்தில் கட்டிவைக்கின்றன. வட்டித் தொழில் செய்த சமூகத்தின் கணக்குப்பிள்ளைக் கண் அதில் தெரிகிறது. பெண்ணுக்குக் கொடுத்தது பெண்ணுக்குக் கொடுத்ததாகவே கணக்கில் தனித்து நின்றது. நகரத்தார் பெண்களின் சொத்துரிமை பற்றி 1998இல் தனி நூல் எழுதிய ஜப்பானிய மானிடவியலாளர் யூகோ நிஷிமுராவை இங்கே இழுத்துவந்தது இந்தத் தனிக்கணக்குதான் என்று நான் எண்ணிக்கொள்வேன். தமிழ்நாட்டின் பல சாதிகளில் மாமியார் வீட்டுக்குள் போனதும் நகை கரைந்து காணாமல்போகும். இங்கே குறைந்தபட்சம் எழுத்து இருந்தது.

எழுத்து யாருடைய பெட்டகத்தில் இருந்தது என்பது அடுத்த கேள்வி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பெயர் வெட்டிய பாத்திரங்கள் அடுக்கியிருப்பதைச் சுற்றுலா வருகிறவர்கள் படம் பிடிக்கிறார்கள். அவற்றில் பல ஏதோ ஒரு பட்டியலில் ஏதோ ஓர் ஆச்சியின் பெயரில் வரிசை எண்ணோடு இருந்தவையாக இருக்கும். விற்கும்போது அந்த ஆச்சியிடம் கேட்டார்களா என்று எந்தச் சிட்டையும் சொல்லாது.

கோயில் ஏட்டில் நடப்பது வேறொன்று. கல்யாணத்துக்குக் கோயில் மாலை வருகிறது. மணமானதும் தம்பதி கணவனுடைய கோயிலில் ஒரு 'புள்ளி' ஆகிறார்கள். வரி, மரியாதை எல்லாம் புள்ளிக் கணக்கில்தான். பெண் பிறந்த கோயிலை விட்டுப் புகுந்த கோயிலுக்கு மாறுகிறாள். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. இலக்கணத்தில் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் அதில் உயிர் சேரவில்லை என்று பொருள் என்பது இங்கே நினைவுக்கு வராமல் இருப்பதில்லை, என்ன செய்ய, தொழில் அப்படி. அரைப்புள்ளி என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகக் கேட்கலாம். ஆனால் மனைவியை இழந்த ஆண் மறுபடி மணந்து முழுப்புள்ளி ஆவதை யாரும் தடுத்ததில்லை. பெண்ணுக்கு அந்தக் கதவு சாத்தியே இருந்தது. அதைத் தட்டியவர்களும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். சொ. முருகப்பா விதவையான மரகதவல்லியை மணந்தார். மரகதவல்லி 1930களில் காரைக்குடியிலிருந்து 'மாதர் மறுமணம்' என்று பெயர் வைத்தே ஓர் இதழை நடத்தினார். செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடிக் கல்லையும் தேக்குத் தூணையும் பற்றி வரும் வழவழப்பான புத்தகங்களில் இந்த இதழுக்கு ஒரு வரியாவது கொடுத்தால் நன்றாயிருக்கும்.

இனி அரசின் தாளுக்கு வருவோம். 1955ஆம் வருட இந்துத் திருமணச் சட்டம் பதிவை விருப்பத்துக்கு விட்டது. 2006 பிப்ரவரியில் சீமா எதிர் அஸ்வனிகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மதத்தினரின் திருமணங்களும் பதிவாகவேண்டும் என்றது. தமிழ்நாடு 2009இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 90 நாளுக்குள் பதியவேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். விண்ணப்பத்தில் பெயர், வயது, முகவரி, தொழில், முன்பு மணமானவரா என்ற விவரம், சாட்சிகள். பெண் கையெழுத்துப் போடுகிறாள். அவளுடைய புகைப்படம் அவனுடையதற்குச் சமமான அளவில் ஒட்டப்படுகிறது. குழந்தைத் திருமணத்தை, இருக்கும் மனைவியை மறைத்துச் செய்யும் திருமணத்தை, 'இவள் என் மனைவியே அல்ல' என்ற வாக்குமூலத்தைத் தடுக்க இதைவிடக் கூர்மையான கருவி நம்மிடம் இல்லை. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் வகுக்கப்பட்ட கரணம் என்றால் இதுதான்.

இந்தக் கையெழுத்தின் விலை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் விலை கொடுத்தவர்களில் இப்பகுதிப் பெயர்களும் உண்டு. தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் என்ற வழக்கில் 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், 1934இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. சாத்திரச் சடங்கு இல்லை, வழக்கம் என்று சொல்லவும் பழமை போதாது என்பது வாதம். ஒரு பெண் ஏறக்குறைய இருபது வருட மனைவி வாழ்வுக்குப் பிறகு மனைவி இல்லை என்று ஆனாள். 1967இல் அண்ணா ஆட்சியில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டுப் பழைய சுயமரியாதைத் திருமணங்களும் செல்லுபடியாயின. அந்தப் பிரிவை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள்: உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில், இவரை நான் துணையாக ஏற்கிறேன் என்று ஒருவருக்கொருவர் சொன்னாலே போதும். தாலியோ மாலையோ மோதிரமோ அதற்கு மாற்று வழிகள். சட்டப்புத்தகத்தில் தலைவி கூற்றுக்கு இடம் கொடுத்த பிரிவு அது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இளவரசன் வழக்கில், அதற்கு ஊரறிய அறிவிப்பு தேவையில்லை என்றும் தெளிவுபடுத்தியது. வீட்டுக்குப் பயந்து மணக்கிறவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் உயிர்.

ஆனால் சான்றிதழைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் வெறுமை. அவள் கொண்டுவந்தது என்ன என்று கேட்க அதில் கட்டமே இல்லை. இசைகுடிமானத்தில் சொத்து இருக்கிறது, அவள் கையெழுத்து இல்லை. சான்றிதழில் கையெழுத்து இருக்கிறது, சொத்து இல்லை. என் பழைய மாணவி ஒருத்தி பிரிந்து வந்தபோது இந்த இடைவெளியில்தான் விழுந்தாள். சான்றிதழின் நகல் பதிவுத்துறை இணையதளத்தில் அரைமணி நேரத்தில் கிடைத்தது. நகைப் பட்டியல் மாமனாரின் இரும்புப்பெட்டிக்குள் இருந்தது. தன் தகப்பனார் வைத்திருந்த படியைத் தேடினார்கள், அவர் இறந்தபோது கணக்கு நோட்டுகளோடு அதுவும் போயிருந்தது. "மனைவி என்று நிரூபிக்க முடிகிறது அம்மா, ஏழை இல்லை என்று நிரூபிக்க முடியவில்லை" என்றாள். சீதனம் மனைவியின் தனிச்சொத்து, கணவன் அதற்கு வெறும் பாதுகாவலன் என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. சொன்னதைப் பிடித்துக்கொள்ள ஒரு தாள் வேண்டுமே.

அந்தத் தாளுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது, எழுதுவாரில்லை. அதே 1985இல் வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ், மணமக்களுக்கு வந்த பரிசுகளின் பட்டியலைப் பராமரிக்க விதிகள் வந்தன. மணமகளுக்கு வந்தவற்றின் பட்டியலை மணமகளே வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளின் விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவானால் என்ன உறவு. கீழே மணமகளும் மணமகனும் கையெழுத்திட வேண்டும். உறவினர் கையெழுத்து வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். இசைகுடிமானம் அப்படியே தலைகீழாகிறது: தகப்பன்மார் விருப்பத்துக்குரியவர்கள், மணமகள் கட்டாயம். வரதட்சணையைத் தடுக்க வந்த சட்டம் சீர்ப் பட்டியல் கேட்கிறதே என்று கூச்சப்படும் தோழிகள் இருக்கிறார்கள். கொடுக்காதிருப்பதற்கான போராட்டம் நடக்கட்டும். கொடுத்தாகிவிட்ட வீடுகளில் அந்தக் கூச்சம் மாமனாரின் இரும்புப்பெட்டிக்குத்தான் பயன்படுகிறது.

சென்ற பருவத்தில் முதுகலை மாணவிகளோடு இந்த விதியை வாசித்தேன். அவர்களுக்கு இசைகுடிமானத்தின் நடை கைவந்திருந்தது, ஆளுக்கொரு பட்டியல் எழுதிக்கொண்டு வந்தார்கள், 'குமாரத்தி' இருந்த இடத்தில் 'நான்' என்று வைத்து. மடிக்கணினி, ஸ்கூட்டி, அப்பத்தா கொடுத்த இரட்டைவடச் சங்கிலி, சொந்தச் சம்பளத்தில் வாங்கிய வளையல். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, "அம்மா, மாப்பிள்ளை கையெழுத்தைத் தாலி கட்டுறதுக்கு முன்னாடி கேக்கணுமா, பின்னாடியா?" என்றாள். திருமணத்தின்போது, அல்லது அதன்பின் கூடிய விரைவில் என்கிறது விதி. அதைப் படித்துக் காட்டினேன். "அப்ப முன்னாடியே கேட்டுர்றேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.