வழியும் தடையும்: புதுவை இதழ்களும் இக்கால இணையதளங்களும்

எழுத்துக்கு நேரும் தடை மூவகைப்படும். எழுதுவோனைச் சிறைப்படுத்தல் ஒன்று. எழுதிய நூலைப் பறித்தல் மற்றொன்று. நூல் படிப்போனைச் சென்று சேரும் வழியை அடைத்தல் மூன்றாவது. முதல் இரண்டனைப் பற்றி இலக்கிய வரலாற்றாசிரியர் விரிவாக எழுதியுள்ளனர். மூன்றாவது அத்துணை ஆராயப்பட்டிலது. அதற்குச் சிறந்த சான்று புதுவையின் வரலாற்றிலேயே உளது. ஒரு சில நிறுவனங்களின் இணையதளங்களே மக்கள் எழுத்தைப் பெரிதும் தாங்கிச் செல்லும் இக்காலத்தில், அச்சான்றினைத் துணையாகக் கொண்டு, தடையின் வலிமை எதனைப் பொறுத்தது என்னும் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துறையில் வழங்கும் 'தணிக்கை' என்னும் சொல்லை முதற்கண் நோக்குவோம். கணக்கைச் சரிபார்த்தலைக் குறிக்கும் அச்சொல், திரைப்படத்தை ஆராய்ந்து இசைவளித்தலையும் குறிக்க வழங்குகின்றது. இரு வழக்கிலும், ஆராய்வோர் இன்னார் என்பது தெரியும். அவர் கண்ட குறையும் எடுத்துரைக்கப்படும். இணையத்தில் நிகழும் நீக்கங்கள் பலவற்றில் இவ்விரண்டும் காணப்படவில்லை. ஆதலின், அவை அனைத்தையும் ஒரு பெயரால் வழங்குதல் பொருந்துமா என்பதும் ஆராய்தற்குரியது.

'இந்தியா' இதழும் அஞ்சல் வழியும்

1906ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய 'இந்தியா' வார இதழுக்குப் பாரதியார் எழுத்தால் உயிரூட்டினார். 1908இல் அரசு அவ்விதழின்மேல் வழக்குத் தொடுத்து, ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசனைச் சிறைப்படுத்தியது. பாரதியார் புதுவைக்கு வந்தார். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் இதழ் புதுவையினின்றும் வெளிவரலாயிற்று. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊராதலின், ஆங்கில அரசின் காவலர் அச்சகத்துள் புகுதல் இயலாதாயிற்று. எழுதுவோனைப் பற்றுதலும் அச்சினைப் பறித்தலும் ஆகிய இருவகைத் தடையும் இவ்வாறு பயனற்றுப் போயின.

ஆயினும் இதழைப் படிப்போரில் மிகப் பலர் ஆங்கில ஆட்சிப் பகுதியிலேயே வாழ்ந்தனர். அவர்பால் இதழ் சேரவேண்டுமாயின் ஆங்கில அரசின் அஞ்சல் வழியாகவே செல்லுதல் வேண்டும். அரசு அவ்வழியை அடைத்தது. 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம், சுங்க அலுவலரும் அஞ்சல் அலுவலரும் ஐயுற்ற ஏடுகளைத் தடுத்து நிறுத்தும் உரிமையை விரிவாக வகுத்தது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களோடு 'இந்தியா' நின்றுவிட்டது. அச்சகம் இருந்தது, ஆசிரியர் இருந்தார், படிப்போரும் இருந்தனர். இடையே இருந்த வழி ஒன்றே அடைபட்டது. இதழை நிறுத்த அது போதுமானதாயிற்று என்பது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது.

இதன் மறுபக்கத்தையும் காண்டல் வேண்டும். இதழ் நின்றபின்னரும் பாரதியார் 1918 வரை புதுவையிலேயே வாழ்ந்தார். 'பாஞ்சாலி சபதம்', 'குயில் பாட்டு', 'கண்ணன் பாட்டு' ஆகியன புதுவை வாழ்க்கையின் விளைவுகள். ஓர் அரசின் கை எட்டாத இரண்டாவது இடம் ஒன்று அருகில் இருந்தமையாலேயே இவை இயன்றன. அந்நாளைய புதுவை ஆட்சிப்பகுதி ஒரே நிலப்பரப்பாகவும் அமைந்திலது. பிரெஞ்சு ஊர்களும் ஆங்கிலேயர் ஊர்களும் ஒன்றோடொன்று விரவிக் கிடந்தன. சிறிது தொலைவு நடந்தால் ஆட்சி மாறும். ஆட்சி மாறினால் சட்டம் மாறும். எழுத்துக்கு அவ்வெல்லை புகலிடமாகவும் இருந்தது, தடையாகவும் இருந்தது.

ஆணையும் காரணமும்

ஆங்கில அரசின் தடைகளுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. 1911இல் பாரதியாரின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' என்னும் இரு நூல்களும் சென்னை மாகாணத்தில் தடை செய்யப்பட்டன. 1928இல் அவருடைய நாட்டுப்பாடல்களைப் பருமிய அரசு தடை செய்ய, சென்னை அரசும் அதனைப் பின்பற்றி நூற்படிகளைப் பறித்தது. அத்தடை வெளிப்படையான ஆணையால் நிகழ்ந்தது. தடுத்தவர் யாவர் என்பதும், தடுக்கப்பட்ட நூல் யாது என்பதும் மக்கட்குத் தெரிந்தன. ஆகவே சத்தியமூர்த்தி சென்னைச் சட்டமன்றத்தில் அதனை எதிர்த்து வாதிட முடிந்தது. கொடிய தடையே எனினும், எதிர்த்து வாதிடுதற்குரிய உருவம் அதற்கு இருந்தது.

தமிழ் மரபு நூலை மதிப்பிடும் முறையை இதனோடு ஒப்பிடலாம். சங்கப் பலகை தகுதியுடைய நூலுக்கே இடம் தந்தது என்பது பழங்கதை. வரலாற்று உண்மையாக அதனைக் கொள்ளாவிடினும், அதன் உட்கருத்து கொள்ளத்தக்கது. பலகை இடம் தருதலும் மறுத்தலும் புலவர் அவையின் கண்முன் நிகழ்ந்தன. தருமி கொண்டுவந்த பாட்டில் குற்றம் கண்ட நக்கீரர், குற்றம் இன்னது என்று அவையில் எடுத்துரைத்தார், பாட்டுக்கு உரியவன் வந்து விடை கூறினான், வாதம் தொடர்ந்தது. தடுப்போன் இன்னான் எனத் தெரிதல், குற்றம் இன்னது எனச் சுட்டல், மறுமொழிக்கு இடந்தரல் என்னும் மூன்றும் அக்கதையில் அமைந்துள்ளன. மறுப்பு முறையானதா அன்றா என அளத்தற்கு இம்மூன்றனையும் அளவுகோலாகக் கொள்வோம்.

அரசின் ஆணையும் இணையமும்

2025 பிப்ரவரியில் விகடன் நிறுவனத்தின் இணைய இதழாகிய 'விகடன் பிளஸ்', இந்தியத் தலைமை அமைச்சரையும் அமெரிக்கக் குடியரசுத் தலைவரையும் பற்றிய கேலிச்சித்திரம் ஒன்றை வெளியிட்டது. அதன்பின் விகடன் இணையதளத்தை நாட்டில் பலரும் திறக்க இயலாதவாறு தடை நேர்ந்தது. ஒரு சித்திரத்தின் பொருட்டுப் பல்லாண்டுச் செய்திகளும் கதைகளும் கட்டுரைகளும் அடங்கிய தளம் முழுவதும் மறைந்தது. மார்ச்சு 6ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம், அச்சித்திரத்தை நிறுவனம் தற்காலிகமாக நீக்குமாறும், தளத்தின் மேலுள்ள தடையை அரசு விலக்குமாறும் ஆணையிட்டது.

இத்தகைய தடைக்கு அடிப்படை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவும், 2009ஆம் ஆண்டு விதிகளும் ஆகும். அவ்விதிகளுள் பதினாறாவது, முறையீடுகளையும் அவற்றின்மேல் எடுக்கும் நடவடிக்கைகளையும் மறைவாகக் காத்தல் வேண்டும் என்கின்றது. 2015இல் சிரேயா சிங்கால் வழக்கில் உச்சநீதிமன்றம் 66அ பிரிவை நீக்கியதாயினும், 69அ பிரிவை நிலைநிறுத்தியது. காரணங்கள் எழுத்தில் பதியப்படுதலின், அவற்றை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்பது அத்தீர்ப்பு கூறிய அமைதிகளுள் ஒன்று. எழுதப்பட்ட காரணம் மறைவாகக் காக்கப்படின், எதிர்க்க விரும்புவோன் எதனை எதிர்ப்பான்? நமது அளவுகோலில் தடுப்போன் தெரிதல் ஒன்று நிறைவேறுகின்றது. குற்றம் சுட்டல் அவையறிய நிகழவில்லை. 1928இன் ஆணைக்கு இருந்த வெளிப்படைத்தன்மையும் இதற்கு இல்லை என்றே கூறவேண்டும்.

நிறுவனங்களின் கையில் வழி

இனி, அரசின் ஆணை இன்றியே நிறுவனங்கள் செய்யும் நீக்கத்தை நோக்குவோம். சென்னையில் இயங்கும் மேட்ரிமோனி.காம் என்னும் மணத்தொடர்பு நிறுவனத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. தேடல் முடிவுகளைக் கூகுள் தன் நலத்துக்கேற்ப அமைக்கின்றது என்று அந்நிறுவனமும் பிறரும் செய்த முறையீட்டின்மேல், இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு ஏறத்தாழ 136 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு பற்றிய வழக்கில் 1,337.76 கோடி ரூபாயும், செயலிக் கடையின் கட்டண முறை பற்றிய வழக்கில் 936.44 கோடி ரூபாயும் தண்டம் விதித்தது. 2024 மார்ச்சு 1ஆம் நாள், கட்டணம் பற்றிய பூசலில், பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட இந்தியச் செயலிகள் பலவற்றைக் கூகுள் தன் கடையினின்றும் நீக்கியது. மத்திய அரசு தலையிட்டபின் சில நாட்களில் மீண்டும் சேர்த்தது. நெடுங்காலம் தவணை தந்தும் கட்டணம் செலுத்தவில்லை என்பது கூகுளின் வாதம். பூசலில் யார் பக்கம் நியாயம் என்பது நீதிமன்றத்துக்கு உரியது. நாம் கருதத்தக்கது வேறு. நம் நாட்டில் வழங்கும் கைப்பேசிகளுள் மிகப் பல ஆண்ட்ராய்டு வகையின. ஆகவே வழக்கில் ஒரு கட்சியாக நிற்பவரே, எதிர்க்கட்சியின் வாயிலை அடைக்கும் வல்லமையும் உடையவராக இருந்தார்.

எழுத்துலகிலும் இந்நிலை உண்டு. புலம்பெயர் ஈழத்தமிழர் நவம்பர் 27ஆம் நாளையொட்டி இடும் நினைவுப் படங்களும், அந்நாளைப் பற்றிய செய்திகளும் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் நீக்கப்பட்டதாக அவர்தம் இதழ்கள் முறையிட்டுள்ளன. தடை செய்யப்பட்ட இயக்கங்களைப் புகழ்தல் கூடாது என்பது அந்நிறுவனத்தின் விதி. புகழ்தல் வேறு, இறந்தாரை நினைந்து இரங்கல் வேறு, நிகழ்ந்ததைச் செய்தியாகத் தருதல் வேறு. கையறுநிலையைத் தனித்துறையாக வகுத்த மொழியினர்க்கு இவ்வேறுபாடு விளக்க வேண்டுவதன்று. படத்தைக் கொண்டு பொறி செய்யும் முடிவுக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை.

நீக்கமே தீது என்று முடிவுகட்டுதலும் பொருந்தாது. 2018 மார்ச்சில் கண்டிப் பகுதியில் முசுலிம்களுக்கு எதிராக வன்முறை நிகழ்ந்தபொழுது, முகநூலில் பரவிய வெறுப்புரைகள் தீயை வளர்த்தன. இலங்கை அரசு சில நாட்கள் அத்தளங்களை முடக்கியது. தன் தளம் தவறாகப் பயன்பட்டமைக்கு அந்நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. நீக்கவேண்டிய சிங்கள வெறுப்புரை உரிய காலத்தில் நீங்கவில்லை. இரங்கல் நீங்கிற்று என்ற முறையீடோ தமிழில் எழுந்தது. எதிர்மறை போலத் தோன்றும் இவ்விரண்டிலும் உள்ள குறை ஒன்றே. மொழியறிந்து, இடமறிந்து, பொருளறிந்து முடிவு செய்வோர் போதிய அளவில் இல்லாமையே அது.

எதிர்வாதமும் விடையும்

'நிறுவனம் தனியார்க்கு உரியது. தன் தளத்தில் எதனை வைப்பது, எதனை நீக்குவது என்பது அதன் உரிமை. பதிப்பாசிரியர் கட்டுரையைத் திருப்பியனுப்புதல் தணிக்கையாகுமா?' என வினவுவர். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பதிப்பகம் பத்து இருக்கும் ஊரில் ஒன்று மறுத்தால் அது தேர்வேயாகும். ஒன்றே இருக்கும் ஊரில் அது மறுத்தால், அம்மறுப்பு ஆணையின் வலிமையைப் பெறுகின்றது. மறுத்தல் என்னும் செயல் இரண்டிடத்தும் ஒன்றே. சூழ்நிலை அதன் தன்மையை மாற்றிவிடுகின்றது. தேடல் துறையில் கூகுள் முற்றுரிமையைச் சட்டத்துக்கு மாறாகக் காத்துவந்தது என 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தமை, இச்சூழ்நிலை வெறுங்கற்பனை அன்று என்பதனைக் காட்டும்.

'பெரிய தளங்கள் நீக்கத்துக்குக் காரணம் கூறவேண்டும் என 2021ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றனவே' எனலும் உண்டு. உண்மை, 2023 முதல் மேல்முறையீட்டுக் குழுக்களும் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமும் காரணம் கூறுதலைக் கட்டாயமாக்கியுள்ளது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் 'எம் விதிக்கு மாறானது' என்னும் ஒரு தொடர் காரணம் ஆகாது. அது முடிவினை மீண்டும் ஒருமுறை கூறுதலேயாம். அன்றியும், நீக்காமலே பின்னுக்குத் தள்ளி, எவர் கண்ணிலும் படாதவாறு செய்தல் எழுதினோர்க்கே தெரிவதில்லை. தெரியாத தடையை எதிர்த்து முறையிடுவார் எவர்?

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது ஒன்று. தடையின் வலிமை சட்டத்தின் கடுமையை மட்டும் பொறுத்ததன்று. வழிகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. 1908இல் சென்னை அடைத்த வாயிலுக்கு மாற்றாகப் புதுவை வாயில் ஒன்று இருந்தது. 1910இல் அஞ்சல் என்னும் ஒரே வழியை அடைத்ததும் இதழ் நின்றது. 1954 நவம்பர் 1ஆம் நாள் புதுவையின் ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியபின், உழவர்கரை நகராட்சியைச் சார்ந்த கதிர்காமத்திலிருந்து சென்னைக்கு ஓர் ஏட்டினை அனுப்புவோரை வழியில் நிறுத்தும் பிரெஞ்சு எல்லை இல்லை. ஆனால் கதிர்காமத்தில் எழுதுவோரும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் டொறன்றோவிலும் எழுதுவோரும் இன்று ஒரே வாயில் வழியாகவே படிப்போரை அடைய முயல்கின்றனர். அவ்வாயில் அடைபட்டால், அவர் சென்று சேரத்தக்க புதுவை எங்குளது?

இவ்வினா தமிழாய்வுக்கும் உரியது. இன்றைய எழுத்தின் பெரும்பகுதி முதலில் தோன்றுவதும், பல வேளைகளில் தங்குவதும் நிறுவனங்களின் தளங்களிலேயே. நாளை அதனை ஆராயப் புகுவோன், நீக்கப்பட்டது எது, நீக்கியவர் யார் என்பதனை அறியாமலே எஞ்சியதை முழுமை எனக் கொள்ளும் இடர் உண்டு. தடை செய்யப்பட்ட பாரதியார் நூல்கள் நமக்குக் கிடைத்தமைக்குக் காரணம், படிகள் பலர் கையில் பரவிக் கிடந்தமையே. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், சென்னையின் ரோஜா முத்தையா நூலகமும், சைவச் சுவடிகளைக் காத்துவரும் புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனமும் பல இடத்துப் பாதுகாப்பின் பயனை நமக்கு உணர்த்துகின்றன.

ஆதலின், பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் தாம் ஆராயும் இணைய எழுத்தின் படியைத் தம்மிடத்தும் பிறிதோர் இடத்தும் வைத்துக் காத்தல் வேண்டும். நீக்கம் நேர்ந்தவிடத்து, நீங்கியது இன்னது, நாள் இன்னது, கூறப்பட்ட காரணம் இன்னது எனப் பதிவு செய்தல் வேண்டும். சட்டத்தைத் திருத்துதல் ஆட்சியாளர் கடன். முற்றுரிமையை அடக்குதல் ஆணையத்தின் கடன். இரண்டாவது வழியைத் திறந்து வைத்தல் நம் கடன்.