முப்பது உயிரும் மூன்று உயிரும்: ‘கான்ட்ரா’வை முடித்தபின்

இலக்கியமும் இசையும் பேசும் மலரில் வீடியோ கேமுக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் கேட்கலாம். தொண்ணூறுகளில் தில்லியில் வளர்ந்த நம் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். பாலிகா பஜாரில் பேரம் பேசி வாங்கிய கேசட்டைச் செருகி, கோடை விடுமுறை முழுதும் ‘கான்ட்ரா’ ஆடியவர்களில் நானும் ஒருவன். அன்று முடித்ததேயில்லை. சென்ற தீபாவளி லீவில், ஏழாவது படிக்கும் மகனோடு உட்கார்ந்து முடித்தேன்.

ஜப்பானின் கோனாமி நிறுவனம் 1987-இல் காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்காகச் செய்த ஆட்டம் இது. 1988-இல் வீட்டு டி.வி.க்கு வந்தது. பில், லான்ஸ் என்னும் இரு வீரர்கள் எட்டுக் கட்டங்களைக் கடந்து, வேற்றுக்கிரகப் பகைவனின் இருதயத்தைச் சுட்டு அழிக்கிறார்கள். கதை அவ்வளவுதான். முகமில்லாத சிப்பாய்கள் ஏன் ஓடிவந்து சாகிறார்கள் என்று ஆட்டம் ஒரு நொடிகூட யோசிப்பதில்லை. இது குறைதான், மறைக்க வேண்டியதில்லை.

அப்புறம் எதில் சிறப்பு? நியாயத்தில். ஒரே குண்டு பட்டால் உயிர் போச்சு. சேர்த்து வைத்த நல்ல துப்பாக்கியும் போச்சு. ஆனால் எதிரியின் குண்டு கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாகத்தான் வருகிறது. குதிக்கலாம், படுக்கலாம். முதல் கட்டத்துப் பாலம் காலடியில் வெடிப்பதுகூட முதல் தடவைதான் மோசடி. அடுத்த தடவை அது பாடம்.

இந்தப் பாடத்தை நாங்கள் அன்று கற்கவில்லை. காரணம், அந்தப் புகழ்பெற்ற குறுக்குவழி. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் மூன்று உயிர் முப்பதாகும். 1986-இல் ‘கிரேடியஸ்’ ஆட்டத்தைச் சோதிக்கும்போது அது தமக்கே கடினமாயிருந்ததால் கசுஹிசா ஹஷிமோட்டோ வைத்துக்கொண்ட வழி அது. அவர் 2020-இல் காலமானார். முப்பது உயிர் இருந்தால் எந்த உயிருக்கும் மதிப்பில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓடினோம், முப்பதும் தீர்ந்தது. இம்முறை மூன்றே உயிரோடு தொடங்குவது என்று முடிவு செய்தோம்.

என் மதிப்பில் ஆட்டத்தின் உச்சம் மூன்றாம் கட்டமான அருவி. முதல் கட்டத்தில் பக்கவாட்டில் நகரும் திரை, இங்கே மேல்நோக்கி நகர்கிறது. ஒருவன் அவசரப்பட்டு ஏறினால், கீழே தங்கியவன் திரையின் அடியில் சிக்கிச் சாவான். எதிரி வேண்டாம்; கூட்டாளியே போதும். முதல் நாள் மகனை நான் ஆறேழு தடவை கொன்றிருப்பேன்.

வீட்டில் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்கிற பிள்ளை அவன். அருவியில் வாக்கியம் பேச நேரமில்லை. “ருக்கோ பாப்பா” என்று ஆரம்பித்தவன், நாலாம் நாள் “இருப்பா... இரு... இப்ப வா!” என்றான். நான் திருத்தவில்லை, பாராட்டவும் இல்லை. இருந்தேன், வந்தேன்.

கடைசியில் தீவு வெடிக்கிறது, ஹெலிகாப்டர் பறக்கிறது, பெயர்கள் ஓடுகின்றன. இத்தனை பாடுக்கு அது சின்ன முடிவுதான். “இன்னொரு தடவை ஆடலாமாப்பா?” என்றான் மகன். முப்பது உயிர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம்.