சுலபமான சாவு

தாயாரைப் பற்றி எழுத உட்காருகிற எழுத்தாளனுக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, தாயைத் தெய்வமாக்கிவிடுவது. மற்றொன்று, பழைய கணக்குகளைத் தீர்த்துக்கொள்வது. தாயார் மரணப் படுக்கையில் இருக்கிறாள் என்றால் முதல் ஆபத்து இன்னும் பெரிதாகிவிடும். கண்ணீர் எழுத்தை அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டிலும் சிக்காமல் எழுதப்பட்ட புத்தகங்கள் வெகு சில. அவற்றில் ஒன்று பிரெஞ்சு ஆசிரியை ஸிமோன் த போவ்வார் 1964-ல் வெளியிட்ட ஒரு சிறு நூல். 'மிகவும் சுலபமான சாவு' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். நான் படித்தது பாட்ரிக் ஓப்ரியன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு.

நடந்ததை நாலு வரியில் சொல்லிவிடலாம். 1963 அக்டோபரில் ஆசிரியை ரோமாபுரியில் இருக்கிறார். பாரிஸில் தனியாக வசிக்கும் தாயார் குளிக்கும் அறையில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள் என்று டெலிபோனில் செய்தி வருகிறது. வயது எழுபத்தேழு. எலும்பு கூடிவிடும் என்கிறார்கள். ஆனால் சிகிச்சைக்காகச் சேர்த்த இடத்தில் சோதித்துப் பார்க்கையில் வேறொன்று வெளிப்படுகிறது: குடலில் புற்றுநோய், முற்றிவிட்டது. ஆபரேஷன் செய்கிறார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் உயிர் நிற்கிறது. ஸிமோனும் தங்கை எலேனும் மாறி மாறிக் காவல் இருக்கிறார்கள். வயிற்றின் உள்சவ்வில் அழற்சி, அதைச் சரி செய்துவிட்டார்கள் என்று தாயாரிடம் சொல்லுகிறார்கள். அவளும் நம்புகிறாள். நல்ல வேளையாகப் பிழைத்தோம் என்று சந்தோஷப்படுகிறாள்.

இந்தப் பொய்தான் புத்தகத்தின் மையம் என்பது என் அபிப்பிராயம்.

பொய் சொன்னவர் யார் என்று பார்க்க வேண்டும். மனிதப் பிறவி ஒவ்வொன்றும் தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ள வேண்டும், பிறர் அதைத் தீர்மானிக்க இடம் தரக்கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதியவர். பெண்களின் நிலையைப் பற்றி 1949-ல் அவர் வெளியிட்ட 'இரண்டாம் பால்' என்ற பெரிய நூலுக்கு அதுவே அடிப்படை. அப்படிப்பட்டவர், பெற்ற தாயின் கடைசி மாதத்தை அவளைக் கேளாமலே தீர்மானிக்கிறார். டாக்டர்களுடன் தாழ்வாரத்தில் நின்று ஒன்று பேசுகிறார். அறைக்குள்ளே வந்து சிரித்த முகத்துடன் வேறொன்று பேசுகிறார். தாம் செய்வது என்ன என்று அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. அதை மறைக்காமல் எழுதியதில்தான் நூலின் பெருமை இருக்கிறது.

இதே பொய்யை எதிர்ப் பக்கத்திலிருந்து எழுதியவர் டால்ஸ்டாய். 1886-ல் வெளிவந்த 'இவான் இலியீச்சின் மரணம்' என்ற நெடுங்கதையில் நோயாளியை வலியைவிட அதிகமாக வதைப்பது சுற்றியிருப்பவர்களின் பாசாங்குதான். பொய் சொல்லாதவன் கெராஸிம் என்ற குடியானவ வேலைக்காரன் ஒருவனே. எஜமானின் கால்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். டால்ஸ்டாயைப் படிக்கும்போது நாம் நோயாளியின் கட்சி. பொய் சொல்லுகிறவர்கள் சுயநலக்காரர்கள் என்று சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். போவ்வார் அந்தச் சௌகரியத்தை நமக்குத் தருவதில்லை. இங்கே பொய் சொல்லுகிறவர்களுக்கு அன்பு இருக்கிறது. அந்த அன்புகூடப் பொய்யின் நிழலில்தான் வளருகிறது.

தாய்க்கும் மூத்த மகளுக்கும் நெடுநாளாகவே ஒட்டவில்லை. தாயார் கடுமையான கத்தோலிக்க பக்தை. மகள் இளவயதிலேயே நம்பிக்கையை விட்டவள். 1958-ல் மகள் எழுதிய இளமைக்கால நினைவுகள் தாயின் மனத்தைப் புண்படுத்தின. இப்போது படுக்கையில் கிடக்கும் தாய், ஆயுளெல்லாம் கட்டிக் காத்த கௌரவத்தையும் கூச்சத்தையும் விட்டுவிடுகிறாள். சின்னச் சின்ன சுகங்களைக் குழந்தை மாதிரி அனுபவிக்கிறாள். தூக்கத்தில் ஒரு நாள் கழிந்துவிட்டால், நாள் வீணாயிற்றே என்று வருந்துகிறாள். எத்தனை நாள் பாக்கி என்று தெரிந்த மகள் பக்கத்தில் நின்று அதைக் கேட்கிறாள். இந்த இடத்தில் ஆசிரியை அலங்காரமாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் கெட்டுப் போயிருக்கும்.

பாதிரியாரைக் கூப்பிடும்படி தாயார் கேட்கவே இல்லை. பக்தைகளான சிநேகிதிகளுக்கு இது பெரிய குறை. மகளோ, நாஸ்திகம் ஜயித்தது என்று கொண்டாடவில்லை. பிரார்த்தனை செய்தால் 'உன் சித்தம்' என்று மரணத்துக்கு இசைய வேண்டும்; தாயார் மனம் இசையவில்லை; இசையாத ஒன்றைக் கடவுளிடம் சொல்ல விரும்பாமல் மௌனமாக இருந்துவிட்டாள் என்று விளக்குகிறாள். எல்லோரும் பொய் சொல்லும் அறையில் பொய் சொல்ல மறுத்தவள் சாகக் கிடந்தவள்தான்!

ஆபரேஷனை ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வியும் ஆசிரியையை விடவில்லை. ஒரு மாத அவகாசம் தாயையும் மகளையும் சேர்த்து வைத்தது. அதே மாதம் படுக்கைப் புண்ணையும் வலியையும் தந்தது. ஊசி போடும்படி சகோதரிகள் கெஞ்ச வேண்டியிருந்தது. லாபத்தையும் நஷ்டத்தையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்கிறார் ஆசிரியை. கணக்கு நேராகவில்லை. நேராக்க அவர் முயலவும் இல்லை.

தலைப்பின் அர்த்தம் கடைசியில்தான் புரிகிறது. உயிர் பிரிந்தபோது அருகில் இருந்தவள் தங்கை. மெழுகுவர்த்தி அணைவது போல் அமைதியாக முடியும் என்று சொன்னது பொய்யாயிற்றே என்று அவள் விம்முகிறாள். சுலபமான சாவுதான் அம்மா என்று நர்ஸ் சமாதானம் சொல்லுகிறாள். தலைப்பு வெறும் கேலி அல்ல. பொது வார்டில், சுற்றிலும் தடுப்புத் திரை வைத்த கணத்திலேயே தன் முடிவைத் தெரிந்துகொண்டு, கையைப் பிடிக்க ஆளில்லாமல் சாகிறவர்களோடு ஒப்பிட்டால் தம் தாயின் சாவு வசதி படைத்தவர்களின் சாவு என்று ஆசிரியையே ஒப்புக்கொள்கிறார்.

குறையும் உண்டு. இறுதியில், இயற்கையான மரணம் என்று ஒன்று கிடையாது என்ற தத்துவத்துக்குப் போய்விடுகிறார். நூறு பக்கங்களுக்கு மேல் கண்ணால் காட்டிய பிறகு வாயாலும் சொல்வானேன்? அந்தப் பாராவை நீக்கினாலும் புத்தகத்துக்கு நஷ்டமில்லை.

தாயின் தலைமாட்டில் உட்கார்ந்து புத்தகத்துக்குக் குறிப்பெடுப்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். தாயின் உடம்பையும் வேதனையையும் இவ்வளவு திறந்து காட்டலாமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் தாயிடம் சொல்ல முடியாமற் போன உண்மையை மகள் வேறு எங்கே கொண்டு போய் வைப்பது?

இந்த நூல் வெளிவந்து மூன்றாண்டுகள் கழித்து, 1967-ல், ஸிஸிலி ஸாண்டர்ஸ் என்ற ஆங்கில டாக்டர் லண்டனில் தீராத நோயாளிகளுக்கென்றே ஓர் இல்லம் திறந்தார். வலி வந்த பிறகு ஊசிக்குக் கெஞ்ச வைக்காமல், வருமுன்பே மணி தவறாமல் மருந்து கொடுப்பது அங்கே முறை. நோயாளி கேட்டால் உண்மையைப் பேசுவதும் வைத்தியத்தில் சேர்ந்தது. அந்த வழி பிறகு பல தேசங்களில் பரவியிருக்கிறது. வலியைக் குறைக்க இன்று வகை உண்டு. கேட்காத நோயாளியிடம் எதைச் சொல்வது என்பதற்கு மாத்திரம் மருந்து கிடையாது.

குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் ஸ்தானத்தைப் பெறும் என்பது வள்ளுவர் வாக்கு. நம் வீடுகளில் இதைச் சொல்லித்தான் எத்தனையோ ரிப்போர்ட்டுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். வள்ளுவர் போட்ட நிபந்தனையைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். போவ்வார் அந்த நிபந்தனையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார். தாம் தந்தது நன்மை என்று அவருக்குத் தெரியும். அது குற்றமில்லாதது என்று ஓரிடத்திலும் அவர் சொல்லவில்லை. பெற்றவர்களின் படுக்கையருகே ஒரு முறையாவது உட்கார்ந்தவர்கள் படிக்க வேண்டிய புத்தகம். இனிமேல் உட்காரப் போகிறவர்கள் அதற்கு முன்பே படித்துவிடுவது நல்லது.