ஏஜிசும் பனகல் அரசரும்

ஸ்பார்ட்டாவின் இளவேந்தன் ஏஜிஸ் கடன் முறிகளைக் கொளுத்தினான். நிலத்தைப் பங்கிட முனைந்தான். கடனாளியும் பெருநிலக்கிழானுமான தாய்மாமன் அகெசிலாஸ் முன்னதற்குத் துணைநின்று, பின்னதற்குத் தடைபோட்டான்! கி.மு. 241இல் வேந்தன் கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டான். புளூட்டார்க் உருகி உருகி எழுதுகிறார். ஆனால் அந்நிலத்தை உழுத ஹெலட் அடிமைக்கு ஏஜிசின் திட்டத்தில் ஒரு சாண் மண்ணும் இல்லை. அவனுக்காக ஆசிரியர் விடும் கண்ணீர் எங்கே?

தியாகராய நகர்ப் பூங்காவில் இளைப்பாறும் தோழர்களே, அதன் பெயருக்குரிய பனகல் அரசரும் நிலக்கிழாரே. முதலமைச்சராய் அவர் சட்டத்தை நாடினார். 1921இல் வகுப்புவாரி ஆணை பிறந்தது; 1925இன் அறநிலையச் சட்டம் கோயில் கணக்கை ஊரறியச் செய்தது. அரிய பணி, ஐயமில்லை. எனினும், கணக்கறைக்குள் புகுந்த அச்சட்டம் தாழ்த்தப்பட்ட தோழனை வாயிலிலேயே நிறுத்தியது. அவன் உள்ளே செல்லும் உரிமைக்கு 1947ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது.