பங்குதாரர் என்றால் முதலாளியா?

இணைய ஆளுகை பற்றிப் புதிதாகப் படிக்க வரும் மாணவிகளுக்காகக் கலைச்சொல் பட்டியல் ஒன்றைத் தயாரித்தேன். அறுபது சொற்கள், எதிரே தமிழ், அதன் கீழே இரண்டு வரி விளக்கம். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், சிவகாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் போய்வரும் பெண்களிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வாசித்துக் காட்டினேன். 'மல்டிஸ்டேக்ஹோல்டர்' என்பதற்கு 'பல்பங்குதாரர்' என்று எழுதியிருந்தேன். திரி வேலை பார்க்கும் மதினி ஒருவர் இடைமறித்தார்: "பங்குதாரருன்னா முதலாளிமாருதான டீச்சர்? அவுக கூடிப் பேசுறதுக்கு எங்கள எதுக்குக் கூப்புடுறீக?"

என்னிடம் பதில் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் பங்குதாரர் என்றால் கம்பெனிப் பத்திரத்தில் பெயர் இருப்பவர். லாபத்தில் பங்கு உள்ளவர். 2005இல் தூனிஸ் நகரில் நடந்த உலகத் தகவல் சமூக உச்சி மாநாடு இணைய ஆளுகைக்கு ஒரு வரையறை தந்தது. அரசுகள், தனியார் துறை, குடிமைச் சமூகம் மூன்றும் அவரவர் பங்கை ஆற்றி, இணையத்துக்கான விதிகளையும் நடைமுறைகளையும் வகுப்பது என்பது அதன் சாரம். பங்கு பத்திரம் இல்லாதவரும் அந்த மேசையில் உட்காரலாம் என்பதுதான் அதில் இருந்த நம்பிக்கை. என் தமிழ்ச் சொல் அந்த நாற்காலியைத்தான் முதலில் எடுத்துப் போட்டிருந்தது.

தமிழில் கணினிச் சொல்லாக்கத்துக்குப் பெருமைப்படத்தக்க வரலாறு உண்டு. 'இணையம்' என்ற சொல்லைத் தந்தவர் என்று சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியைச் சொல்கிறோம். மணவை முஸ்தபா ஒற்றை ஆளாகக் கலைச்சொல் அகராதிகளைத் தொகுத்தார். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. இந்த உழைப்பு இல்லாவிட்டால் நான் இந்தக் கட்டுரையையே தட்டச்சு செய்திருக்க முடியாது. ஆனால் நான் புரட்டிய பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கின்றன: இந்தச் சொல் நல்ல தமிழா? இதை யார், எந்த இடத்தில், எந்த நெருக்கடியில் சொல்லப்போகிறார் என்று கேட்பதில்லை. என் பட்டியலும் கேட்கவில்லை.

எளிய பெண்களுக்குத் தொழில்நுட்பச் சொல் ஏறாது என்ற எண்ணம் எனக்குள்ளும் இருந்திருக்கிறது. ஆனால் இவர்கள் பேரியம் நைட்ரேட், அலுமினியப் பவுடர், மணி மருந்து, கருந்திரி என்று நாள் முழுவதும் பேசுகிறவர்கள். எந்த ஆலை நாக்பூர் லைசென்ஸ், எது சென்னை லைசென்ஸ், எது டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று வாசலைப் பார்த்தே சொல்வார்கள். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்க, உள்குத்தகைக்கு எடுத்து வேறொருவர் நடத்துவதும், விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பது அந்த இடுக்கில் காணாமல் போவதும் அவர்களுக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த வெடிவிபத்துக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் உள்குத்தகை என்ற சொல்லுக்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை.

ஆகவே களப்பெயரைப் பற்றி அந்த வழியிலேயே சொல்லிப் பார்த்தேன். இணையத்தில் ஒரு பெயரை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. காலக்கெடு வைத்து எடுக்கிறோம், புதுப்பிக்காவிட்டால் போய்விடும். பெயர் விற்கும் கடை பதிவாளர். அதற்கு மேலே பதிவகம். '.இன்' என்று முடியும் பெயர்களுக்கு அது நிக்ஸி. எல்லாவற்றுக்கும் மேலே வேர்ப்பட்டியலை ஒருங்கிணைப்பது 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய ஐகான். '.இலங்கை', '.சிங்கப்பூர்', '.இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்கள் அந்தப் பட்டியலில் ஏறியது 2010, 2011 வாக்கில்தான். "அப்ப ஐகான்தான் நாக்பூரு" என்றார் ஒரு அக்கா. சரியாக அப்படி இல்லை; நாக்பூர் அரசு அலுவலகம், ஐகான் லாப நோக்கமற்ற தனியார் அமைப்பு. அந்த வித்தியாசத்தைச் சொன்னதும் அடுத்த கேள்வி வந்தது: "அப்ப அவுக தப்புப் பண்ணா யாருகிட்ட மனு குடுக்க?" இணைய ஆளுகை வகுப்புகள் பல மணி நேரம் சுற்றிவந்து தொடுகிற கேள்வி இது.

'சம்மதம்' என்ற சொல்லுக்கு நான் எழுதியிருந்த விளக்கம் 'ஒப்புதல் அளித்தல்'. ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல். பெண்கள் சிரித்தார்கள். நிச்சயதார்த்தத்தில் எல்லாம் முடிவான பிறகு பெண்ணிடம் கேட்பார்களே, அந்தச் சம்மதமா? அவள் தலை குனிந்தால் சம்மதம், பேசாமல் இருந்தாலும் சம்மதம். இ-சேவை மையத்தில் ஆதாருக்கு வரும் ஓடிபியைச் சொல்லச் சொல்கிறார்கள்; எதற்கு என்று கேட்டால் பின்னால் நிற்கும் வரிசை முறைக்கிறது. அந்த ஓடிபியும் பலருக்குத் தம் கையில் இல்லாத போனுக்குத்தான் வருகிறது. மகனோ புருஷனோ ஆலைக்குப் போயிருந்தால் அன்றைக்கு அவளுக்கு அடையாளம் இல்லை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் சம்மதம் வேறு. அது தடையின்றி, நிபந்தனையின்றி, விவரம் தெரிந்து, ஐயத்துக்கு இடமின்றி, தெளிவான ஒரு செயலால் தரப்பட வேண்டும். மௌனம் கணக்கில்லை. கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். சம்மதம் கேட்கும் வாசகத்தைத் தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழி எதிலும் படிக்கும் வாய்ப்புத் தர வேண்டும். அரசின் உதவித்தொகை, சான்றிதழ் போன்றவற்றுக்குச் சில நிலைகளில் புதிதாகச் சம்மதம் கேட்கத் தேவையில்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்த இரண்டு பக்கத்தையும் சொல்லாத விளக்கம் பாதிப் பொய். "குடுத்த சம்மதத்தத் திருப்பி வாங்கலாமா?" என்று ஒரு பெண் இரண்டு தடவை கேட்டாள். அவள் தரவைப் பற்றி மட்டும் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சட்டத்தின் ஆங்கில மூலம், பால் வேறுபாடின்றி எல்லா நபரையும் பெண்பாலில் குறிக்கிறது. மாணவிகளிடம் இதைச் சொல்லும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும். தமிழாக்கும்போது 'அவள்' என்று எழுதினால் மரியாதைக் குறைவாகப் படுகிறது. 'அவர்' என்று எழுதினால் பெண் மறைந்துபோகிறாள். 'அவன்' என்பதைச் சட்டத்தில் படித்தபோது ஒருநாளும் நமக்கு மரியாதைக் குறைவு தோன்றவில்லையே என்று யோசித்தேன். என் பட்டியலில் 'அவள்' என்றே விட்டுவிட்டேன்.

இதெல்லாம் பட்டாசுக்காரப் பெண்களுக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் தீர்ப்பளித்தபோது, இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கக் கூடாது என்றும் சொன்னது. ஒவ்வொரு தீபாவளிக்கும் சிவகாசிப் பெயரில் போலித் தளங்கள் முளைத்து, பணத்தை வாங்கிக்கொண்டு மறைகின்றன. 'இடைநிலையர் பொறுப்பு' என்று நான் எழுதியிருந்த உலர்ந்த சொற்றொடருக்குள் இவர்களுடைய ஊரின் பெயரும் அடுத்த மாதத்து வேலை நாட்களும் இருக்கின்றன.

பட்டியலைத் திருத்தினேன். 'பல்பங்குதாரர்' போய், "இதுல நல்லது கெட்டது யாருக்கெல்லாம் உண்டோ அவுக" என்று மதினி சொன்னதிலிருந்து எடுத்த 'உரியோர்' வந்தது. இதுவும் குறையுள்ள சொல்தான். வழக்கறிஞர் படையோடு வரும் நிறுவனத்தையும், வீட்டுக்கு ஒரே போனில் காலம் தள்ளும் பெண்ணையும் ஒரே பெயரில் அழைத்துவிட்டால் இருவரும் சமமாகிவிட மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நான்காவது கட்டம் ஒன்று சேர்த்திருக்கிறேன்: 'இதில் முடிவெடுப்பது யார், மனு கொடுப்பது யாரிடம்?'

அறுபதில் இருபத்திரண்டு சொற்களுக்கு அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அதை மறைக்காமல் அப்படியே அச்சுக்குக் கொடுக்கிறேன். படிக்கிற பெண்கள் கேட்டு நிரப்பட்டும்.