கிழமை எழுத இடமில்லாத சீட்டு

போன மாதம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். "வாயெல்லாம் எரியுதுப்பா, காரம் பட்டாலே உயிர் போகுது" என்றார். மூட்டுவாதத்துக்குப் புதிதாக மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை ஆரம்பித்திருந்தார். எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "தினமும் காலைல ஒண்ணு. கவர்லயே எழுதியிருக்கே" என்று மருந்துக் கவரைக் காட்டினார். அதில் பேனாவால் 1-0-0 என்று இருந்தது. அது வாரத்துக்கு ஒரு முறை மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை. அன்றைக்கு ஐந்தாவது நாள்.

டாக்டருக்கு போன் செய்தோம். உடனே நிறுத்தச் சொல்லி ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இதே மருந்தைத் தொடர்ந்து தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவது தடைபட்டு உயிரே போகலாம். வாய்ப்புண் அதன் முன்னறிவிப்பு.

யார் மேல் தப்பு என்று வீட்டில் ஒரே சண்டை. எனக்கு ஆட்களைவிட அந்த மூன்று எழுத்துகளின் மேல்தான் சந்தேகம் வந்தது.

1-0-1 என்பது நம் ஊரில் படிக்காதவருக்கும் புரியும் மருத்துவ மொழி. காலை, மதியம், ராத்திரி. ஆனால் அதற்கு ஒரு நாள் மட்டும்தான் தெரியும். வாரம் என்ற ஒன்றே அதன் இலக்கணத்தில் கிடையாது. டாக்டரின் சீட்டைப் பார்த்தேன். 1-0-0 என்று எழுதி, கீழே ஆங்கிலத்தில் வாரம் ஒருமுறை என்று கிறுக்கியிருந்தார். கடையில் எண்கள் மட்டும் கவருக்கு இடம்பெயர்ந்தன. கிழிந்த சொல் சீட்டிலேயே தங்கிவிட்டது.

சரி, மருந்துப் பெட்டிக்குள் வரும் துண்டுச் சீட்டு? நம் கடைகளில் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பதால் அது பெரும்பாலும் நோயாளி கைக்கு வருவதே இல்லை. வந்தாலும் பொடி எழுத்து ஆங்கிலம். பதிவுபெற்ற மருத்துவரின் உபயோகத்துக்கு மட்டும் என்று அதன் தலையிலேயே போட்டிருக்கும். அதாவது, மருந்தை விழுங்குகிறவரைப் பார்த்து 'இது உனக்கில்லை' என்கிறது. டாக்டரோ அதைப் படிக்கத் தேவையில்லாதவர். ஆக, வாசகரே இல்லாத ஒரு பிரதி.

ஐரோப்பிய ஒன்றியத்தில் டாக்டருக்கு ஒரு பிரதி, நோயாளிக்கு அவர் மொழியில் இன்னொரு பிரதி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அது மட்டும் போதுமா என்றால், இல்லை. நோயாளிக்கான அந்தத் தாளும் நீளமானது. முக்கியமான ஒரு வரி நாற்பது பக்கவிளைவுகளுக்கு நடுவே மறைந்துவிடும். அங்கேயும் இந்த மருந்தைத் தினமும் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. அதனால்தான் 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை, பெட்டியின் மேலேயே எச்சரிக்கை, நோயாளி கையில் ஒரு அட்டை என்று புதிய விதிகளைப் பரிந்துரைத்தது. 2020இல் பிரிட்டன், எந்தக் கிழமை என்று நோயாளியிடம் பேசி முடிவு செய்து, அந்தக் கிழமையின் பெயரைச் சீட்டில் முழுதாக எழுதுங்கள் என்று டாக்டர்களுக்குச் சொன்னது.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கிழமைதான். அதிகத் தகவல் அல்ல, சரியான ஒரு சொல். 'ஞாயிறு மட்டும்' என்று தமிழில் எழுத பைசா செலவில்லை, சட்டமும் வேண்டாம்.

மெத்தோட்ரெக்சேட் மோசமான மருந்து என்று நான் சொல்லவரவில்லை. வாரம் ஒருமுறை முறையாகச் சாப்பிட்டு மூட்டுகளைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். அத்தையும் டாக்டர் சொன்னபிறகு மறுபடி ஆரம்பிக்கப் போகிறார்.

உங்கள் வீட்டு மருந்து டப்பாவையும் ஒருமுறை பாருங்கள். எலும்புத் தேய்மானத்துக்கான 70 மி.கி. அலெண்ட்ரோனேட், வைட்டமின் டி 60,000 யூனிட் இரண்டும் வழக்கமாக வாரக் கணக்குதான். கவரில் வெறும் 1-0-0 இருந்தால் டாக்டரிடம் கேட்டு, பக்கத்தில் கிழமையை எழுதிவிடுங்கள்.