கொடி மறைக்குது

"ஏல, கொடியை எறக்குங்கல. ஆட்டக்காரி தெரியல."

கயத்தாறுக்குக் கிழக்கே ஒரு தெரு. ஏப்ரல் 14 ராத்திரி. அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டு, பேச்செல்லாம் முடிந்து, கரகாட்டம் தொடங்கியிருந்தது. முன்னால் நின்ற எட்டுப் பத்து இளவட்டங்கள் கையில் ஆளுக்கொரு கொடி. அதில் ஒருத்தன் நான். கத்தினது எனக்குப் பெரியம்மா முறை. பருத்திக் காட்டில் குனிஞ்சே முதுகு வளைந்துபோன மனுசி. தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போது நான் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். பதில் இல்லாமல் இருக்குமா? "கொடின்னா நம்ம மானம் பெரியம்மா" என்றேன். அவள் யோசிக்கக்கூட இல்லை. "மானத்தை ஓரமா நின்னு புடி. தெருமுக்குல கொடி இருக்கு, வீட்டு மேல கொடி இருக்கு. எங்கண்ணு முன்னாலயும் எதுக்குல?" கூட்டம் சிரித்தது. ஆட்டக்காரியும் சிரித்தாள். நான் நகரவில்லை. வீம்பு.

பதினைந்து வருசம் ஆகப்போகுது. அண்மையில் ஒரு கலை இலக்கியக் கூட்டத்தில் நகரத்து நண்பர் ஒருவர் பேசினார். மக்களிசை நிகழ்ச்சிகளுக்குப் போனால் கொடி ஆட்டுகிறார்கள், கலையை ரசிக்க விடுவதில்லை, இசைக்கு எதற்குக் கொடி, இது தொந்தரவு என்றார். பெரியம்மா சொன்னதும் மேலோட்டமாக இதுதான். ஆனால் அவள் சொன்னபோது வெட்கம் வந்தது, இவர் சொன்னபோது கோபம் வந்தது. ஒரே பேச்சுக்கு இரண்டு உணர்ச்சி எப்படி வரும்? அதைத் தேடிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நண்பர் சொல்லும் 'இசைக்கு எதற்குக் கொடி' என்பது. சென்னை மார்கழி சீசனைக் கொடியில்லாத சுத்த இசைக்கு உதாரணம் காட்டுவார்கள். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதோடு சேர்த்து ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடத்தினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1928இன் மியூசிக் அகாடமி. ஒரு கட்சிக் கொடியின் நிழலில் பிறந்த சபை அது. தெலுங்குக் கீர்த்தனையா தமிழ்ப் பாட்டா என்று 1940களில் நடந்த தமிழிசைச் சண்டையும் வெறும் ராக தாளச் சண்டையில்லை. ஆக அங்கே கொடி உண்டு. துணியில் இல்லை, அவ்வளவுதான். யாருக்கு முன்வரிசை, யார் பாடலாம், எந்தத் தோல் வாத்தியம் மேடை ஏறலாம், எது வாசலோடு நிற்கணும் என்பதில் பறக்கிறது. மிருதங்கமும் மாட்டுத்தோல், தப்பும் மாட்டுத்தோல். ஒன்று மேடையில், ஒன்று பாடைக்கு முன்னால். தன் கொடியைத் துணியாகத் தூக்கவேண்டிய தேவையே இல்லாதவனுக்கு மற்றவன் தூக்கும் துணி தொந்தரவாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

படித்த தமிழையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். தொல்காப்பிய மரபியல் கொடியையும் முரசையும் அரசனுக்குரியதாக வைக்கிறது. துணி ஒருத்தனுக்கு, சத்தமும் அவனுக்கே. மணிமேகலையில் இந்திர விழாவை ஊருக்கு அறிவிக்கிறவன் முரசறைகிற முதுகுடிக்காரன். வீதியை அலங்கரியுங்கள், கொடியை ஏற்றுங்கள் என்று அவன் அடித்துச் சொல்கிறான். ஊர் ஏற்றுகிறது. அவன் வீட்டில் எந்தக் கொடி பறந்தது என்று சாத்தனார் சொல்லவில்லை. பட்டினப்பாலைதான் எனக்குப் பிடித்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் கோயில் கொடியும் உண்டு, கப்பல் கொடியும் உண்டு, கள்ளுக்கடைக் கொடியும் உண்டு. இவற்றோடு, கற்றறிந்தவர்கள் வாதுக்கு அழைத்துக் கட்டிய கொடியும் பறக்கிறது. வா, என்னோடு பேசித் தீர் என்று சொல்லும் கொடி. வகுப்பில் இந்த இடத்தைப் பேராசிரியர் ஒரு வாக்கியத்தில் கடந்துபோனார். எங்கள் கைக்கு வந்த கொடியை நான் அந்த இனத்தில்தான் சேர்க்கிறேன். 1942இல் நாகபுரியில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு தொடங்கி அம்பேத்கர் நீலக் கொடியைக் கொடுத்தபோது, அது மாலை போட்டுக் கும்பிடக் கொடுத்த துணியில்லை.

சரி, நம் மண்ணுக்கு வருவோம். கொடி தொந்தரவா என்ற கேள்வியைத் தென் மாவட்டத்தில் வைத்துக் கேட்டால் ரசனைப் பிரச்சினை போய் உயிர்ப் பிரச்சினை வந்துவிடும். அம்மன் கொடை என்றால் வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கரகம். பின்னால் ஆடல் பாடல் வந்தது. ஆடல் பாடல் வந்தபின் கூட்டத்துக்குள் சாதிக் கொடி, தலையில் சாதி ரிப்பன், ஸ்பீக்கரில் ஆண்ட பரம்பரைப் பாட்டு. அந்தப் பாட்டு எங்கள் தெருவைத் தாண்டும்போது மட்டும் சத்தம் கூடும். அதற்கு ஒருத்தன் எதிர்ப்பாட்டுப் போடுவான். மறுநாள் போலீஸ் வேன் நிற்கும். இதெல்லாம் பார்த்துத்தான் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு வரும் மனுக்களில் நிபந்தனை போடுகிறது: எந்தச் சாதி, மதம், கட்சியைப் பற்றியும் பாட்டோ ஆட்டமோ கூடாது, தலைவர் படம் போட்ட பிளெக்ஸ் கூடாது. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019 ஜூலை 31இல் பள்ளிக் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்பியது. சில நாளிலேயே துறை அமைச்சரே அது தனக்குத் தெரியாது என்றார். 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்டான். அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024இல் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு வரைக்கும் தடை கேட்டது. கயிறு என்பது கையில் கட்டின கொடிதானே.

நிபந்தனைகளை நான் எதிர்க்கவில்லை. அரிவாளுக்குப் பக்கத்தில் வசிக்கிறவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் எல்லாக் கொடியும் ஒன்று என்ற கணக்குத்தான் எனக்கு உதைக்கிறது. ஆதிக்க சாதிக்காரன் கொடி சாவடியில் நிற்கும். சாவடி 'ஊர்ப் பொது'. நம் கொடி புறம்போக்கில் நிற்கும். உடனே அது ஆக்கிரமிப்பு. 2021 செப்டம்பரில் சேலம் மாவட்டம் மோரூரில் விடுதலைச் சிறுத்தைகள் கொடிக்கம்பம் நட்டதற்கு எதிர்ப்பு, மோதல், தடியடி. ஒரு கம்பத்துக்குத்தான் அத்தனையும். பொது இடங்களில் உள்ள கட்சி, சாதி, மதக் கொடிக்கம்பங்களையெல்லாம் 12 வாரத்தில் அகற்றவேண்டும் என்று 2025 ஜனவரியில் மதுரைக் கிளை தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு எல்லாருக்கும் பொதுவானதுதான். ஆனால் கம்பம் போன பின்னும் சாவடி சாவடியாகத்தான் இருக்கும். நமக்குக் கம்பத்தை விட்டால் வேறு என்ன இருக்கு?

எங்க ஊரைப் பாருங்கள். 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். நினைவு நாளன்று ரோட்டில் கொடி கட்டின வண்டிகள். அந்தக் கதைப்பாட்டுகளில் வீரன் சுந்தரலிங்கமும் இருக்கிறார், ஒட்டன் பகடையும் இருக்கிறார். ஆனால் 1997இல் சுந்தரலிங்கம் பேரை ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தபோது பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கலவரம் செய்தார்கள். கடைசியில் மாவட்டங்கள், கழகங்கள் எல்லாவற்றின் தலைவர் பெயரையும் அரசாங்கம் எடுத்தே போட்டது. நம் பெயர் ஒன்று வந்ததால் எல்லாப் பெயரும் போச்சு. 'பொது'வின் லட்சணம் இது. 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்தபோது நான் சின்னப் பையன். 1999 ஜூலை 23இல் நெல்லையில் மாஞ்சோலைக் கூலித் தொழிலாளிகளுக்காகக் கொடி பிடித்துப் போன ஊர்வலம், தாமிரபரணியில் 17 பிணங்களாக முடிந்தது. எங்கள் வீடுகளில் கொடிக்குத் துணி கிழிக்கும்போது இந்த நினைப்பு இல்லாமல் இருக்காது.

வெளியுலகத்திலும் இப்படித்தான். 2017 செப்டம்பரில் கெய்ரோவில் மஷ்ரூ லைலா என்ற லெபனான் குழுவின் கச்சேரியில் சாரா ஹெகாசி வானவில் கொடியை உயர்த்தினார். பிடித்துக்கொண்டுபோய்ச் சிறையில் சித்திரவதை செய்தார்கள். கனடாவுக்குப் போன பின்னும் அது விடவில்லை. 2020 ஜூனில் தன்னையே மாய்த்துக்கொண்டார். 2024இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டி அரங்கில் பாலஸ்தீனக் கொடிக்குத் தடை, பங்கேற்கும் நாடுகளின் கொடிக்கு அனுமதி. இன்னொரு பக்கம் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி. அங்கே கூட்டத்தில் கொடி பிடிப்பது பழைய வழக்கம், பின்னால் நிற்பவர்கள் ஒன்றும் தெரியலை என்று புலம்புவதும் அதே அளவுக்குப் பழைய வழக்கம். வேடிக்கைக்குப் பிடிக்கும் கொடியும் உண்டு, உயிரைக் கொடுத்துப் பிடிக்கும் கொடியும் உண்டு. பின்னால் நிற்பவனுக்கு இரண்டும் ஒரே அகலம்தான். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

இங்கேதான் பெரியம்மாவிடம் திரும்புகிறேன். அவள் ஏன் மறைக்குது என்றாள்? நம் ஆட்டமெல்லாம் வட்டக்களரி. தப்பாட்டமோ கரகமோ நடுவில் நடக்கும். சனம் சுற்றி நிற்கும். ஒரு பக்கம் மறைத்தால் மறுபக்கம் நகர்ந்துகொள்ளலாம். ஆட்டக்காரரும் சுற்றி வருவார்கள். அந்தக் களரியில் கொடி மறைக்க வழியே இல்லை. சினிமாவையும் மெல்லிசைக் கச்சேரியையும் பார்த்து நாம் ஒருபக்க மேடை போட்டோம். குழல்விளக்கு, முன்வரிசை, விஐபி நாற்காலி. சபாவின் பார்வையை நம் தெருவுக்குள் கொண்டுவந்துவிட்டு, அதில் கொடியையும் நட்டோம். மறைக்காமல் என்ன செய்யும்? நாற்காலியில் தலைவர், நிற்பது இளவட்டம், கொடிக்குப் பின்னால் தரையில் கிழவியும் பிள்ளைகளும். கொடி யாரை மறைத்தது என்று அன்றைக்கே திரும்பிப் பார்த்திருக்கணும்.

2018 ஜனவரி 6இல் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியபோது 19 பேரும் கோட்டு சூட்டில் வந்தார்கள். கானாவும் பறையும் ராப்பும். அயோத்திதாசரின் சாதிபேதமற்ற தமிழரிலிருந்து பெயர். அந்தக் கோட்டுதான் கொடி. அம்பேத்கர் போட்ட கோட்டு. யார் கண்ணையும் மறைக்கவில்லை, எவனுக்கும் புரியாமலும் போகவில்லை. 2020 டிசம்பரில் தொடங்கிய மார்கழியில் மக்களிசையும் அப்படித்தான். மார்கழி என்ற சொல்லையே எடுத்துக்கொண்டதே பெரிய கொடியேற்றம். துணியில்லாமல் கொடி ஏற்றத் தெரிந்த கலைஞர்கள் நம்மிடம் இருக்கும்போது நாம் கம்பத்தின் உயரத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் கயத்தாறுப் பக்கத்துத் தெரு கீழ்ப்பாக்கம் இல்லை என்பதும் தெரியும். இங்கே கோட்டுப் போட்டு நடந்தால் அதற்கே அடி விழும்.

இதுவரை எழுதினதெல்லாம் எனக்குச் சுலபம். சொல்லவேண்டியது இன்னொன்று.

நான் பிறந்த சாதிக்குத் தப்பு அடிக்கும் வேலை இல்லை. எங்கள் தெருச் சாவுக்கும் கொடைக்கும் அடிக்க வந்தவர்கள் அருந்ததியர்கள். அம்பேத்கர் விழாவுக்கும் அவர்கள்தான் வந்தார்கள். 'தலித் கலை' என்று நோட்டீஸ் அடித்தோம். மேடைக்கு முன்னால் எங்கள் கொடி, கொடிக்குக் கீழே அவர்கள் தப்பு. ஒரு வருசம் ஆட்டம் முடிந்து கணக்குத் தீர்க்கும்போது, வயசான தப்புக்காரர் ஒருத்தர், மாமா என்று நான் கூப்பிடத் தொடங்கியிருந்தவர், கேட்டார்:

"தம்பி, உங்க கொடிக்கு நாங்க அடிக்கோம். எங்க கொடியைத் தூக்கினா நீங்க அடிப்பீகளா?"

எந்த அடி என்று அவரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது தலித் கட்சிகளுக்குள்ளிருந்தே எதிர்ப்பு வந்தது. 2024 ஆகஸ்ட் 1இல் உச்சநீதிமன்றம் உள்வகைப்பாடு செல்லும் என்றபோதும் அதே குரல்கள். எங்கள் தெருவில் அன்றைக்கு இனிப்பு வழங்கியவர் யாரும் இல்லை. ஆதிக்க சாதிக்காரன் நம் கம்பத்தைப் பார்க்கிற பார்வையில் நாம் யார் கம்பத்தைப் பார்க்கிறோம் என்று அந்த மனுசன் கேட்டுவிட்டார். நகரத்து நண்பர்மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி செல்லாது என்று அப்போதுதான் பட்டது.

போன மாசம் விழாக் கமிட்டி கூடியது. மூன்று யோசனை வைத்தேன். மேடை வேண்டாம், பழையபடி வட்டக்களரி. கொடி கூட்டத்தின் ஓரத்தில் சுற்றி நிற்கட்டும், உள்ளே வேண்டாம். தப்புக் குழுவைக் கூலிக்கு அழைக்காமல் விழாக்குழுவில் சேர்க்கணும், அவர்கள் கொடியும் நம் கொடியோடு அதே உயரத்தில் நிற்கணும். முதல் இரண்டுக்கும் தலையாட்டினார்கள். மூன்றாவதைச் சொன்னதும் சத்தம். "மாப்ள, படிச்சிட்டுக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றார் ஒருவர். நாலு பேர் எழுந்து போனார்கள். ரெண்டு பெண்கள் மட்டும், அதில் ஒருத்தி பெரியம்மாவின் மகள், "சேத்து நட்டா என்ன?" என்று கேட்டார்கள். முடிவெடுக்காமலே கூட்டம் கலைந்தது. பெரியம்மா இப்போது இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடுகிறோம். அந்தத் தப்புக்கார மாமாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.